ஆளுக்கொரு பாடம்

நிஸ்வா, ஓமன்
18 அக்டோபர் 2024

ஷைஜா,

நீ போனை வைத்துவிட்டாய். வைத்ததோடு நிற்காமல் மூன்று நாளாக எடுக்கவும் மாட்டேன் என்கிறாய். வாட்ஸ்ஆப்பில் எழுதினால் நீலக் குறி விழுந்ததா இல்லையா என்று அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. இந்த லட்சணத்தில் ஏசிக்கு வயரை மாற்றி மாட்டிவிடுவேன். அதனால்தான் தாளும் பேனாவும். நம் ஊர் பிபின் அடுத்த வாரம் லீவில் வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கையில் வந்த தாளை நீ படிக்காமல் இருக்க மாட்டாய். என் பரீட்சைத் தாளை அப்பாவுக்கு முன்னால் பிரித்துப் படித்தவள் அல்லவா நீ.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு நேசமணி அண்ணன் ஒரு படமும் குரல் செய்தியும் அனுப்பினார். கம்பெனி வண்டியில் பன்னிரண்டு பேர் நடுவில் தெரியாத்தனமாக ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். "எபிசா, உன் வீட்டு மொட்ட மாடில ஒரு வெள்ளக்காரன் லுங்கி காயப் போட்டுட்டு நிக்கான் கேட்டியா. வீட்ட வித்துட்டியா மக்கா?" வண்டி முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அது நான் பதினேழு வருஷம் இந்த வெயிலில் ஏசி மாட்டிக் கட்டிய வீடு. கல்யாணம் செய்து குடியிருக்கக் கட்டினேன். கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது, அது வேறு கதை. வீடு சும்மா கிடக்க வேண்டாம், நீயும் ஜெப்சனும் பிள்ளைகளும் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் சத்திரம் நடத்தச் சொல்லவில்லை.

மாடி அறையைத் திறந்தாயா? சாவி என் கொத்தில்தான் தொங்குகிறது, ஆனாலும் கேட்கிறேன். பூட்டுத் திறக்க அருமனையில் ஆளா இல்லை. அந்தக் கட்டில் மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை, நினைவிருக்கட்டும்.

இன்னொன்று. ஆன்ஸ்லினையும் சிஜினையும் பள்ளியிலிருந்து நிறுத்தி எட்டு மாதம் ஆகிறதாமே. தாய்மாமனான எனக்கு அதையும் நேசமணி அண்ணன்தான் சொல்ல வேண்டுமா? பதில் எழுது.

எபிசன்


அருமனை
9 நவம்பர் 2024

அண்ணா,

பிபின் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நகரவில்லை. "பதிலும் வாங்கிட்டு வரணும்னு சொல்லியிருக்கான்லா" என்று வாசலிலேயே நின்றான். அவன் திரும்பிப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று சொல்லி, நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்து அனுப்பினேன். உன் கடிதத்துக்குப் பதில் எழுதுகிற வேகம் எனக்குக் கிடையாது.

முதலில் உன் சந்தேகத்துக்கு. மாடி அறையைத் திறக்கவில்லை. மொட்டை மாடிக்கு வெளிப்படியில் ஏறித்தான் துணி காயப் போடுகிறோம். லுங்கி ஜெப்சனுடையது. வெள்ளைக்காரர் பெயர் மரெக், போலந்து நாட்டுக்காரர். ஜூலையில் ஒருமுறை தங்கியவர்கள், போன மாதம் மறுபடி வந்தார்கள். கீழே வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பு அறையில்தான் அவரும் மனைவியும் படுத்தார்கள். நேசமணி அண்ணன் அந்தப் படத்தை எடுத்தது மரெக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, அதை உன்னிடம் சொன்னாரா?

பள்ளி விஷயத்தை மறைத்தது என் தப்பு. சொன்னால் கத்துவாய் என்று பயந்தேன். இப்போதும் கத்தத்தான் செய்தாய், அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சிஜினுக்கு எட்டு வயதாகிறது. எழுத்துக் கூட்ட வரவில்லை. அவன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, அவனை முன்னால் நிறுத்திக்கொண்டே, "இவன் தலையில ஒண்ணும் ஏறாது. நீங்களும் கணக்கு டீச்சர்தானே, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அன்றிலிருந்து காலையில் யூனிபார்மைப் பார்த்தால் அவனுக்கு வயிற்று வலி. ஆன்ஸ்லினுக்குப் பதினொன்று. அவள் வகுப்பில் கேள்வி கேட்டுக் கேட்டு வெளியே நிற்கப் பழகி, கடைசியில் வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிட்டாள். அண்ணா, வாயாடி என்று நீ பேர் வைத்த பிள்ளை அவள். ஊரான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாதா என்று வேலையை விட்டேன்.

முதல் நாலு மாதம் நாங்கள் மூன்று பேரும் சண்டைதான் போட்டோம். பாடப் புத்தகத்தை மேஜையில் வைத்தால் சிஜின் மேஜைக்கு அடியில் போய்விடுவான். ஜூலை மழையில் ஒருநாள் ஜெப்சன் பஸ் டியூட்டி முடிந்து வரும்போது, சந்திப்பில் சைக்கிள் பஞ்சராகி நின்ற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதுதான் மரெக்கும் ஈவாவும். மறுநாள் மரெக் நம் கொடியில் தொங்கிய ரப்பர் ஷீட்டைத் தொட்டு, இது என்ன துணி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சிஜின் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவி வெட்டுவது, சிரட்டையில் பால் வடிவது, ஆசிட் ஊற்றி உறைய வைப்பது, மெஷினில் கொடுத்து ஷீட் அடிப்பது எல்லாம் நடித்தே காட்டியிருக்கிறான். எதுவும் ஏறாது என்ற தலைக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

திரும்பி வந்த மரெக், தன் உலக வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, தன் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். சிஜின் என்னிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டு எழுதினான். அவனாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம்தான், வீட்டில் பயணிகளை ஏற்கிற ஓர் இணையக் குழுவில் நம் வீட்டைச் சேர்த்தேன். வாடகை கிடையாது. ஒரே சட்டம்தான், ஆன்ஸ்லின் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறாள்: வருகிறவர் ஒரு பாடம் சொல்லித் தர வேண்டும், எங்களிடமிருந்து ஒரு பாடம் படித்துக்கொண்டு போக வேண்டும். இதுவரை ஆறு நாட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். சிஜின் இப்போது பஸ் போர்டு படிக்கிறான். நீ கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் தெரிந்துகொண்டு கோபப்படு.

ஷைஜா


நிஸ்வா
1 டிசம்பர் 2024

ஷைஜா,

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். ரப்பர் ஷீட்டைத் துணி என்று கேட்டதற்குச் சிரித்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் மனது சம்மதிக்கவில்லை.

நான் பத்தாம் வகுப்பில் தோற்றவன். நீ அதை மறந்திருப்பாய், எனக்கு மறக்க வழியில்லை. நாலு வருஷத்துக்கு முன் ஒருவன் இங்கே வந்தான். கம்பிரசர் எது கண்டென்சர் எது என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன். அவன் கையில் டிப்ளமா இருந்தது. இன்று அவன் எனக்கு சூப்பர்வைசர். இப்போதும் பெரிய கோளாறு என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறான். சரிசெய்து கொடுத்துவிட்டு, "ஓகே சார்" என்று நான்தான் சொல்ல வேண்டும். தலைக்குள் என்ன ஏறியிருக்கிறது என்று உலகத்தில் எவனும் திறந்து பார்ப்பதில்லை ஷைஜா. கையில் என்ன தாள் இருக்கிறது என்றுதான் பார்க்கிறான். நம் பிள்ளைகள் பத்து நாட்டுக்காரனோடு பேசக் கற்றுக்கொண்டு, கடைசியில் தாள் இல்லாமல் நான் நிற்கிற இடத்தில் வந்து நிற்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்.

மே கடைசியில் லீவில் வருகிறேன். அதற்குள் இந்த விருந்தை நிறுத்து. ஜூனில் இரண்டு பேரும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு பள்ளிக்குப் போக வேண்டும். முடியாதென்றால் நீங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள். இதை எழுதும்போது எனக்கு என்ன பாடாக இருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும், ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஒன்று கேட்க மறந்தேன். வருகிறவர்களைப் பற்றிப் போலீசுக்குத் தெரிவிக்கிறாயா? நானும் அந்நியன்தான். இங்கே பத்தாக்கா என்று ஓர் அட்டை, அது இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டேன். எந்த அறையில் எந்தக் கட்டிலில் படுக்கிறேன் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் அப்படி ஒரு முறை இருக்காமல் போகாது. உடனே விசாரி. ஞானையன் இந்த வாரம் புறப்படுகிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன்.

எபிசன்


அருமனை
4 ஜனவரி 2025

அண்ணா,

ஞானையன் நீ சொன்ன வாரம் புறப்படவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரலாமென்று டிக்கெட்டை மாற்றிவிட்டு, இருபத்துமூன்றாம் தேதிதான் உன் கடிதத்தைத் தந்தான். போலீஸ் பன்னிரண்டாம் தேதியே வந்துவிட்டது.

நீ சொன்னது சரி. வெளிநாட்டுக்காரர் யார் வீட்டில் தங்கினாலும் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் இணையத்தில் சி ஃபாரம் என்று ஒன்று போட வேண்டுமாம். ஹோட்டலுக்குத்தான் அது என்று நினைத்திருந்தேன். கணக்கு டீச்சர், ஊருக்கே வருமான வரி ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறவள், இதை விசாரிக்காமல் விட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அப்போது கென்யாவிலிருந்து வன்ஜிரு என்ற பெண் வந்திருந்தாள். விவசாயம் படிக்கிறவள். ஆன்ஸ்லினோடு சேர்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர்கள் ஊரிலும் சப்பாத்தியைச் சப்பாத்தி என்றுதான் சொல்கிறார்களாம். மாவுக் கையோடே அவளையும் ஜெப்சனையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணி நேர விசாரணை. கூட வந்த பெண் போலீஸ் அன்னக்கிளிதான் எங்களுக்காக நல்ல வார்த்தை சொன்னார். "கள்ளத்தனம் ஒண்ணும் இல்ல சார், வெவரம் தெரியாம செஞ்சிருக்காவ" என்றார். எச்சரித்து அனுப்பினார்கள். திரும்பி வந்த வன்ஜிரு, தன்னால் எங்களுக்குத் தொல்லை என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்புச் செய்தது நான், மன்னிப்புக் கேட்டது அவள்.

ரோட்டில் ஜீப் நின்ற நேரம் முழுக்க சிஜின் மேஜைக்கு அடியில் இருந்தான். மூன்று மாதமாக அங்கே போகாதவன். ஆன்ஸ்லின், "நாம தப்பு செய்தோமாம்மா?" என்று கேட்டாள். செய்தோம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

இணையக் குழுவிலிருந்து நம் வீட்டை எடுத்துவிட்டேன். வரைபடத்தையும் சுவரிலிருந்து கழற்றியாயிற்று. ஜூனில் பள்ளிக்கு அனுப்புகிறேன், வேறு வீடும் பார்க்க வேண்டாம். நீ ஜெயித்துவிட்டாய். சந்தோஷப்படுவாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியவில்லை.

ஆன்ஸ்லின் உனக்கு ஒரு தாள் எழுதியிருக்கிறாள். திருத்த மனம் வராமல் அப்படியே வைக்கிறேன்.

ஷைஜா

அன்புள்ள மாமா,
நாட்டுக்கு ஒரு பக்கம் என்று நாங்கள் எழுதி வைக்கிற பயணிகள் நோட்டில் ஏழு நாடு நிரம்பிவிட்டது. இனி யாரும் வர மாட்டார்கள் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆனால் நீங்கள் பதினேழு வருஷமாகப் பயணிதானே? அதனால் ஓமன் பக்கத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள். ஓமன்காரர் வீட்டில் விருந்தாளியை எங்கே உட்கார வைப்பார்கள்? முதலில் என்ன தருவார்கள்? நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன பாடம் சொல்லிக் கொடுத்தீர்கள்? அங்கேயும் பிள்ளைகள் உங்களை மாமா என்றுதான் கூப்பிடுவார்களா என்று சிஜின் கேட்கச் சொன்னான்.
ஆன்ஸ்லின்


நிஸ்வா
24 ஜனவரி 2025

மக்கா ஷைஜா,

ஆன்ஸ்லினின் தாளை இரண்டு வாரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை.

இந்த ஊரில் நான் போகாத வீடு குறைவு. எல்லா வீட்டுக் கூரையும் எனக்குத் தெரியும். எந்த வீட்டில் எத்தனை ஏசி, எது எப்போது ஒழுகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் விருந்தாளியாக ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. யாரும் என்னை விரட்டவில்லை, அதைச் சொல்ல வேண்டும். யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடும்படி நானும் நின்றதில்லை. வேலை முடிந்ததும் ஏணியை மடக்கி வண்டியில் ஏற்றுவேன், அவ்வளவுதான். ஒரு தடவை ஒரு வீட்டம்மா தட்டில் பேரீச்சம்பழம் கொண்டுவந்து நீட்டினார். கையெல்லாம் கரி, அதனால் வேண்டாம் என்றேன். அந்த அம்மாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

பிள்ளைக்கு ஏதாவது கதை கட்டி எழுதலாமா என்றுகூடப் பார்த்தேன். அவள் அதை நோட்டில் எழுதி வைப்பாள் என்று நினைத்ததும் பேனா ஓடவில்லை. பதினேழு வருஷம் வெளிநாட்டில் இருந்தவன் நான். வெளிநாட்டுக்காரனோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டது என் எட்டு வயது மருமகன். இதில் யார் அதிகம் படித்தது?

அதனால் சொல்கிறேன், வரைபடத்தைத் திரும்ப ஒட்டு. ஃபாரத்தை ஒழுங்காகப் போடு, வருகிறவர் வாசல் தாண்டும் முன்பே போடு. மே வரைக்கும் நடக்கட்டும், நான் வந்து கண்ணால் பார்க்கிறேன். பள்ளிப் பேச்சில் நான் மாறவில்லை. தாள் வேண்டும். வேறு வீடு பார்க்கச் சொன்னதை மட்டும் அடித்துவிடு, அது நான் எழுதியிருக்கக் கூடாதது.

மாடி அறை மட்டும் அப்படியே இருக்கட்டும். ஏன் என்று கேட்காதே.

எபிசன்


அருமனை
19 பிப்ரவரி 2025

அண்ணா,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவரைப் பார்த்து நீ திகைத்திருப்பாய். அவர் பெயர் சாலிம். உன் நிஸ்வாவுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் மனைவி சுவைனாவுக்கு முதுகுவலி, அதற்கு வைத்தியம் பார்க்கத் திருவனந்தபுரம் வந்திருந்தார்கள். வைத்தியம் முடிந்து, ஏழு வயது மகள் மர்யமுக்கு ஊர் காட்ட வேண்டும், பிள்ளைகள் இருக்கிற வீடாக வேண்டும் என்று, உன் கடிதம் கண்டு நான் மறுபடி சேர்ந்த குழுவில் கேட்டிருந்தார். ஓமன் என்று பார்த்ததும் ஆன்ஸ்லின் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பதில் போட்டுவிட்டாள். ஐந்து நாள் இருந்தார்கள். ஃபாரம் அன்றைக்கே போட்டாயிற்று. அன்னக்கிளி விசாரிக்க வந்தவர், மறுநாள் டியூட்டி இல்லாதபோது தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

சாலிம் தன் ஊரில் ஃபலஜ் என்ற வாய்க்காலில் தண்ணீர் முறை பார்க்கிறவர். கேட்டதும் நான் விடவில்லை. என்னோடு வேலை பார்த்த ஹரிதாவின் வீடு பூதப்பாண்டியில் இருக்கிறதல்லவா, அங்கே எல்லோரும் போனோம். கும்பப்பூ போகத்து நெற்கதிர் பழுத்துக் கிடந்தது. சானல் கரையில் நின்று ஹரிதாவின் மாமனார் மடை திறக்கிற முறையைச் சொன்னார். சாலிம் வரப்பில் ஒரு கம்பை நட்டு, நிழல் எவ்வளவு நகர்ந்தால் யாருக்குத் தண்ணீர் என்று அவர்கள் ஊர்க் கணக்கைக் காட்டினார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது, ஆனால் தண்ணீர் திருடுகிறவனைப் பற்றிப் பேச்சு வந்தபோது இருவரும் ஒரே மாதிரி கையை வீசினார்கள். ஆன்ஸ்லின் நிழலை அளந்து கோணக் கணக்குப் போட்டாள். பாடப் புத்தகத்தில் அது அவளுக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் வரும்.

சிஜின் என்ன செய்தான் தெரியுமா? நோட்டை வாங்கி அவனே எழுதினான். "கம்பு நிழல் நகருது. தண்ணி பங்கு வைக்கலாம். மர்யம் சிரிச்சா." மூன்று வரிதான். திருத்தவில்லை, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஜெப்சன் அதைத் தன் பஸ் கண்டக்டருக்கெல்லாம் காட்டியிருக்கிறார்.

ஒரு விஷயம்தான் புரியவில்லை. சாலிமுக்குத் தேநீர் கொடுத்தால் கோப்பையை லேசாக ஆட்டி நீட்டுவார். இன்னும் வேண்டும் போல என்று ஊற்றுவேன். குடித்துவிட்டு மறுபடி ஆட்டுவார். மறுபடி ஊற்றுவேன். மனிதர் ஒரு வேளைக்கு ஆறு தேநீர் குடித்தார். கேட்டால் சிரிக்கிறார்.

தாள் விஷயத்தில் நீ சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. உன் சூப்பர்வைசர் கதையைப் படித்ததிலிருந்து அது மனதைவிட்டுப் போகவில்லை. வீட்டில் படித்துக்கொண்டே பரீட்சை எழுத அரசின் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அதில் வரும், அதை வைத்து மேலே படிக்கலாம். முழு விவரத்தையும் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். வந்து நீயே படித்துப் பார். அதற்குப் பிறகும் யூனிபார்ம்தான் வேண்டும் என்றால், சிஜினிடம் நீயே சொல். நான் சொல்ல மாட்டேன்.

மாடிப் பக்கம் போகவில்லை. வந்தவர்களுக்குக் கீழேயே வசதி செய்து கொடுத்தேன்.

ஷைஜா


நிஸ்வா
2 மார்ச் 2025

என் மக்கா ஷைஜாவுக்கு,

சாலிம் நேராக எங்கள் தங்குமிடத்துக்கே வந்துவிட்டார். வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாக ஒரு ஓமன்காரர் என் பெயரைச் சொல்லி விசாரிக்கிறார் என்றதும், எவன் வீட்டு ஏசியோ ஒழுகுகிறது என்று டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் உன் கடிதத்தையும் மீன் ஊறுகாயையும் நீட்டினார். "வெள்ளிக்கிழமை என் வீட்டில் சாப்பாடு, நோன்பு தொடங்கும் முன் நீ வர வேண்டும்" என்றார். நான் வழக்கம்போல வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பேரீச்சம்பழத் தட்டு நினைவுக்கு வந்தது. வருகிறேன் என்றேன்.

ஆன்ஸ்லினிடம் நோட்டை எடுக்கச் சொல். இது அவள் பக்கம்.

விருந்தாளியை மஜ்லிஸ் என்ற முன்னறையில், தரையில் விரித்த கம்பளத்தில், சுவரோரம் உட்கார வைப்பார்கள். நான் வாசல் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாலிம் கையைப் பிடித்து நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் என் கண் நேராக ஏசிக்குத்தான் போனது. மூன்று வருஷத்துக்கு முன் நான் மாட்டியது. இதே அறையில் ஏணி மேல் நின்றிருக்கிறேன், இப்படி ஒரு கம்பளம் இருப்பதையே பார்த்ததில்லை.

முதலில் பேரீச்சம்பழமும் காவாவும் தருவார்கள். காவா என்பது ஏலக்காய் போட்ட கருங்காப்பி, சின்னக் கோப்பையில் வரும். தீர்ந்தால் ஊற்றுவார்கள். மரியாதை கெட்டுவிடுமோ என்று குடித்துக்கொண்டே இருந்தேன். எட்டாவது கோப்பையில் சாலிம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போதும் என்றால் கோப்பையை ஆட்டிக் காட்ட வேண்டுமாம். அவர் கோப்பையை ஆட்டிப் போதும் போதும் என்று சொல்லச் சொல்ல நீ ஊற்றியிருக்கிறாய் ஏட்டி. உன் மனம் நோகக் கூடாதென்று அத்தனையையும் குடித்தாராம். அண்ணனும் தங்கையும் சேர்ந்து அந்த மனிதரை ஒரு வழி பண்ணிவிட்டோம்.

சோறு ஒரே பெரிய தாம்பாளத்தில் வந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிட்டோம். நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது கேள்விக்குப் பதில். சாப்பிட்டு முடித்ததும் மர்யம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இங்கேயும் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, ஆன்ஸ்லினின் சட்டம், அரபியில். நான் பாடம் சொல்லித் தர வேண்டுமாம். பத்தாவது தோற்றவனிடம் பாடமா என்று எனக்கு வேர்த்துவிட்டது. ஏசி இருக்கிற அறையில் வேர்த்தது எனக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். அப்புறம் அந்த ஏசியையே காட்டினேன். இது குளிரை வெளியிலிருந்து கொண்டுவருகிறது என்று நினைத்திருந்தாள். குளிர் என்று ஒன்றை அது கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கிற சூட்டை வாரி வெளியே கொட்டுகிறது என்று படம் போட்டுச் சொன்னேன். நம்பவில்லை. வெளியே கூட்டிக்கொண்டுபோய் யூனிட்டுக்கு முன்னால் கையை நீட்டச் சொன்னேன். சூடு பட்டதும் ஓடிப்போய் அம்மாவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிவந்து அவளே பாடம் நடத்தினாள். பதினேழு வருஷம் செய்த வேலை ஷைஜா. ஒரு பிள்ளை வாயைப் பிளந்து கேட்கிற சங்கதி அதில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

பதிலுக்கு அவள் என் பெயரை அரபியில் எழுதப் படிப்பித்தாள். இத்தனை வருஷமும் படிக்கத் தெரியாத தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டவன், என் பெயரை நானே எழுதினேன். அந்தத் தாளை இதில் வைத்திருக்கிறேன், சிஜினின் மூன்று வரிக்குப் பக்கத்தில் ஒட்டு. பிள்ளைகள் என்னை மாமா என்று கூப்பிடுவார்களா என்று கேட்டானே, கூப்பிட்டார்கள். மர்யம் அதை உங்கள் வீட்டில் படித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

இங்கிலீஷில் இருந்த திறந்தநிலைப் பள்ளித் தாள்களைச் சாலிமோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். எனக்குச் சம்மதம். பரீட்சையில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆன்ஸ்லினுக்குப் பரீட்சை வருகிற வருஷம் நானும் அவளோடு சேர்ந்து பத்தாம் வகுப்பு எழுதலாமா என்று ஒரு யோசனை. சிரிக்காதே. கணக்கு நீதான் சொல்லித் தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. புறப்படும்போது சுவைனா சாலிமிடம் ஏதோ சொன்னார், அவர் எனக்குச் சொன்னார். முதுகுவலிக்காரி என்று உன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு, நீ ஐந்து நாளும் அடுக்களையில் பாய் விரித்துப் படுத்தாயாம். மேலே ஒரு அறை பூட்டியிருப்பதைச் சிஜின் காட்டினானாம். அது யாருக்கு என்று கேட்டதற்கு, மாமாவுக்கு வரப்போகிற விருந்தாளிக்கு என்றானாம். நீ எனக்கு எழுதியது வசதி செய்து கொடுத்தேன் என்று ஒரே வரி. உன்னைத் திட்டவும் முடியவில்லை, என்னை மன்னிக்கவும் முடியவில்லை.

அந்த அறையை ஏன் பூட்டி வைத்தேன் என்று கேட்காதே என்றேன். சொல்லிவிடுகிறேன். அதைத் திறந்துவிட்டால், எனக்கென்று ஒரு வாழ்க்கை இனி வரப்போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை அந்தக் கம்பளத்தில் உட்கார்ந்திருந்தபோது, வரவேண்டியது வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, நான்தான் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று தோன்றியது.

மே இருபத்தொன்பதாம் தேதி வருகிறேன். எனக்கு சி ஃபாரம் வேண்டாம், ஆனால் சட்டப்படி ஒரு பாடம் கொண்டுவருவேன், ஒன்று படித்துக்கொண்டு போவேன். எனக்குச் சாய்ப்பு அறை போதும்.

உறைக்குள் கனமாக இருப்பது மாடி அறைச் சாவி. நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மெத்தையின் பிளாஸ்டிக்கைக் கிழிக்கிற வேலையைச் சிஜினிடம் கொடு.

எபிசன்